குறைவாக வந்த எண்

இரத்த அறிக்கையை வாங்கியதும் கண்டிக் கிளினிக்கின் நடைக்கூடத்திலேயே பிரித்துப் பார்த்தேன். இயோசினோபில் (ஒவ்வாமையின்போது பெருகும் ஒரு வகை வெண்குருதிக் கலம்) மிகக் குறைவாக இருந்தது.

"நல்லதா, கெட்டதா?" என்று உம்மா கேட்டார்.

"கொறஞ்சீக்கி."

"அல்ஹம்துலில்லாஹ்!"

எனக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். என்னைப் போலக் கடும் ஆஸ்துமாவோடு இருப்பவர்கள் நான் செய்த பிழையைச் செய்யாமல் இருக்கட்டும்.

எனக்கு இருபத்தொரு வயது. மாத்தளையில் வீடு. சின்ன வயதிலிருந்தே முட்டு, அதாவது மூச்சிழுப்பு. வாயில் மருந்துப் பம்ப் அடித்தால் அடங்கும். போன வருடத்திலிருந்து அடங்கவில்லை. மூன்று தடவை வார்டில் படுத்தேன். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் ஆகையால், கிளினிக் டொக்டர் ஒரு வாக்கியம் சொன்னால் நான் வீட்டில் பத்துப் பக்கம் வாசிப்பேன். சைட்டோகைன் (நோயெதிர்ப்புக் கலங்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்தி மூலக்கூறு) என்ற சொல்லை அவர் சொன்ன நாளில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

மிளகு வியாபாரியான வாப்பாவுக்குக் கலண்டர் தாளின் பின்புறம் படம் கீறி விளக்கினேன். இன்டர்லூகின்-5 என்பது அப்படியொரு செய்தி. என்பு மச்சைக்கு (எலும்புக்குள் குருதிக் கலங்கள் உருவாகும் இடம்) அது போய்ச் சேர்ந்தால் இயோசினோபில்கள் புறப்படும். அவை மூச்சுக்குழாயில் குவிந்தால் குழாய் வீங்கும்.

வாப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப ஒண்ட ஒடம்புல ஒருத்தன் சும்மா சும்மா கோல் எடுத்து ஆள் கூப்புடுறான். அவண்ட போனைப் புடுங்கோணும். அதானே?"

அதேதான். டொக்டர் சொன்ன புதிய ஊசி செய்வதும் அதைத்தான். ஆனால் இயோசினோபில் கூடியவர்களுக்கே அது பொருந்தும். ஆகவேதான் இந்தப் பரிசோதனை.

பரிசோதனைக்கு இரண்டு நாள் முந்தி ராத்தாவுக்கு, என் அக்காவுக்கு, கலியாணம் நடந்தது. கலேவெல ஊர் மாப்பிள்ளை. வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை. "எல்லாப் போட்டோவுலயும் பம்போட நிக்காத, மாப்புள வீட்டாக்கள் சீதனத்துல பம்பும் ஈக்காண்டு கேப்பாங்க" என்று ராத்தா சிரித்தாள். எனக்கோ ஏற்கனவே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

உம்மாவிடம் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. வீட்டில் யாருக்கு எந்த மருந்து மிஞ்சினாலும் அதற்குள் போகும். என் பழைய பிரெட்னிசோலோன் (வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீரொயிட் மாத்திரை) குளிசைகளும் அதில் கிடந்தன. "மூணு நாளைக்குப் போடு மகள், கலியாணம் முடியட்டும்" என்றார். போட்டேன். மூன்றாம் நாள் இரத்தம் எடுத்தார்கள். தாதி, "ஸ்டீரொயிட் ஏதும் எடுத்தீங்களா?" என்று கேட்டார். முந்திய தடவை மிச்சக் குளிசை கொடுத்ததற்காக ஏச்சு வாங்கிய உம்மா, "இல்ல" என்றார். நானும் தலையசைத்தேன்.

ஸ்டீரொயிட் இயோசினோபில்களைச் சில மணித்தியாலங்களிலேயே குறைத்துவிடும். அது எனக்குத் தெரியும். வாப்பாவுக்கு நானே சொல்லிக்கொடுத்திருந்தேன். ராத்தாவின் போட்டோவுக்கு முன்னால் அது நினைவுக்கு வரவில்லை.

உள்ளே டொக்டர் அறிக்கையைப் பார்த்தார். "இந்த எண்ணுக்கு அந்த ஊசி சரிவராது போலிருக்கு."

உம்மா என் கையைப் பிடித்திருந்தார். நான் கையை இழுத்துக்கொண்டு, "குளிசை போட்டேன் டொக்டர்" என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டார். "மறைச்சிருந்தா ஒங்களுக்கு வேற வருத்தம்னு நெனச்சு வைத்தியம் பண்ணிருப்பேன்." பிறகு கிளினிக் கொப்பியில் எழுதினார்: நான்கு கிழமை குளிசை இல்லாமல் இருந்து மறுபடி இரத்தம். பம்பை விடக்கூடாது. "முட்டு கூடினா டெஸ்டை மறந்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. வெளங்குதா?"

விளங்கியது. ஆனால் இடையில் ஒரு தடவை ஸ்டீரொயிட் ஏறினால் எண்ணிக்கை மீண்டும் விழும். இன்னொரு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த மாதத்தைத் தாங்குவேனா என்பதே என் பயம்.

மூன்றாம் கிழமை முடிவில் மழை பிடித்தது. ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்து மூட்டம் எங்கள் ஜன்னல்வரை இறங்கியது. ஒரு பின்னேரம் நெஞ்சு இறுகத் தொடங்கியது. பம்புக்கு அடங்கவில்லை. இன்னும் ஒரு கிழமைதானே என்று உட்கார்ந்திருந்தேன். அரை மணித்தியாலம். அது என் இரண்டாவது பிழை, முதலாவதைவிட மோசமானது. இதை வாசிப்பவர்கள் அப்படி உட்கார வேண்டாம்.

வாப்பா த்ரீவீலில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். மாத்தளை வார்டில் ஒட்சிசன் வைத்தார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை. இளம் டொக்டர் ஒருவர் கையில் ஊசிக்குழாய் ஏற்றிக்கொண்டிருந்தபோது, உம்மா கட்டிலுக்குக் குறுக்கே சாய்ந்து சிங்களத்தில் சொன்னார்: ஸ்டீரொயிட் ஏத்த முந்தி இரத்தம் எடுங்க, இயோசினோபில் பார்க்கணும், மூணு கிழமையா குளிசை ஒண்டும் குடுக்கல்ல. கிளினிக் கொப்பியின் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினார்.

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். அதே குழாயிலிருந்து இரத்தத்தை எடுத்துவிட்டு, உடனே மருந்தை ஏற்றினார். ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை.

எண் மிக உயர்வாக வந்தது; ஊசி எனக்குப் பொருந்தும். நோய் இருக்கிறது என்று உறுதியானதற்கு அழுதோம்.

அந்தப் புதிய ஊசிக்கு அனுமதி கிடைத்து, இப்போது இரண்டு ஊசி போட்டாயிற்று. நான்கு கிழமைக்கு ஒன்று. மாதங்களின் பெயர் எனக்கு நினைவில் நிற்பதில்லை. ஊசிக்கு முந்திய கிழமை, பிந்திய கிழமை, அவ்வளவுதான். முழுக் குணம் என்று எவரும் சொல்லவில்லை.

நேற்று விடியற்காலை விழித்தபோது நெஞ்சில் சத்தமே இல்லை. மோசமான முட்டில் காற்றே போகாமல் நெஞ்சு அமைதியாகிவிடும் என்பதை வாசித்திருக்கிறேன். சுகமான நெஞ்சும் அமைதியாகத்தான் இருக்குமாம். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அசையாமல் படுத்து, மூச்சை ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். அடுத்த அறையிலிருந்து உம்மா, "என்ன மகள், சத்தத்தக் காணல்ல?" என்றார்.

"நல்லா ஈக்கேன் உம்மா" என்றேன். முழு வாக்கியமும் ஒரே மூச்சில் வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் நானும் நம்பினேன்.