கால் வைத்த எழுத்து

திருப்பதி வீட்டுக்கு என் பேரையே வைக்கச் சொன்னது நான்தான். அதில் எனக்குக் கூச்சம் கிடையாது. வெயிலில் நின்று நான் கட்டவைத்த வீடு. தமிழில் என் பேரை மட்டும் எழுதுவேன். இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் பேர்க்கல்லில் இங்கிலீஷில்தான் வெட்டணும் என்றாள் மருமகள். எழுத்துத் தினுசையும் அவளே போனில் தேடி எடுத்தாள். தூண் மாதிரித் தடித்த கோடு, அதை ஒட்டி மயிர் மாதிரி மெல்லிசுக் கோடு, தூணுக்கு அடியில் குறுக்காக மெல்லிசாய் ஒரு பாதம்.

"நகைக்கடை, கல்யாணப் பத்திரிகை, எல்லாத்துலயும் இதான் அத்தை."

கல் வெட்டும் பட்டறை சித்தூரில். மகனோடு பார்க்கப் போனேன். கருங்கல் பலகைகள் வரிசையாகப் படுத்திருந்தன. எல்லாவற்றிலும் அதே எழுத்து.

"இதெல்லாம் யார் வீட்டுக்கு?"

"வீட்டுக்கு இல்ல அவ்வா, சமாதிக்கு. கப்பல்ல வெளிநாடு போவுது. அவங்களும் இந்த எழுத்தத்தான் கேக்கறாங்க" என்று கல் வெட்டுகிறவர் சிரித்தார்.

அந்த வரிசையில் கடைசியாகப் படுத்திருந்தது என் கல்.

கல் வீட்டுக்கு வந்தது. கேட் பக்கத்தில் பதித்தார்கள். பகலில் எழுத்தின் தங்கப் பூச்சு மின்னியது. தெருவே நின்று பார்த்தது.

விளக்கு வைக்கிற மசங்கல் நேரத்தில்தான் விஷயம் தெரிந்தது. பூ வாங்கிக்கினு வந்தவள் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். மெல்லிசுக் கோடு ஒன்றும் இல்லை. பாதங்களை இருட்டு துன்னுட்டிருந்தது. தூண்கள் மட்டும் எதிலும் ஊன்றாமல் அந்தரத்தில் நின்றன. செத்தவர்களுக்குத்தானே கால் தரையில் படாது!

பிறகு ஒருநாள் நாகலாபுரத்தில் தங்கை வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் வந்தேன். எதிர்வீட்டு அம்மா கோபமாக இருந்தாள்.

"நேத்து விளக்கு வைக்கிற நேரம் கேட்டாண்ட நின்னுக்கினு இருந்தீங்க. எத்தனை வாட்டி கூப்பிட்டேன்! திரும்பினாத்தானே?"

மகனுக்கு முகம் செத்துப்போனது. "கல்ல எடுத்துடலாம்மா. வேற பேர் வெச்சிக்கலாம்."

"உசிரோட இருக்கறவ பேர எடுப்பியா நைனா? அப்புறம் நான் எங்க நிக்கறது?"

கல் வெட்டுகிறவரை வரவழைத்தேன். பாதங்களைத் தடிப்பாக வெட்டச் சொன்னேன்.

"டிசைன் கெட்டுப்பூடும் அவ்வா."

"கெடட்டும். எனக்குக் கால் வேணும்."

மருமகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று மசங்கலில் எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இருட்டு வந்தது. எப்போதும்போல மெல்லிசுக் கோடுகள் போயின. பாதங்கள் போகவில்லை. என் பேர் கல்லில் ஊன்றி நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலில் தெருவைக் கடந்து வீட்டுக்கு வந்தேன். தார் இன்னும் சுட்டது.

என் கல்லோடு படுத்திருந்த மற்றக் கற்களை எங்கோ குளிர் ஊரில் இப்போது நட்டிருப்பார்கள். அங்கேயும் பொழுது சாயும். அவற்றுக்குக் கால் போடச் சொல்ல யாரும் இல்லை.