சூலத்தில் கட்டிய மனு

ஒருவருடைய உயிர் சம்பந்தப்பட்ட தகவலை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தர வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு ஏழு, உட்பிரிவு ஒன்று. நான் கேட்டது ஒரு பழைய உத்தரவின் நகல். அது இல்லாவிட்டால் என் உயிர் தங்காது. நாற்பத்தெட்டு நாளாகியும் பதில் இல்லை.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். கால்கள் இரண்டும் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் போல விறைத்துப் பின்னிக்கொள்ளும். புடவை மாற்ற இரண்டு பேர் அவற்றைப் பிரிக்க வேண்டும். மாத்திரையைக் கூட்டினால் தூக்கம்தான் வந்தது. ஏழு வருடம் முன்பு வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு பம்ப் வைத்தார்கள். தண்டுவடத்துக்கு நேரடியாக அது மருந்தைச் செலுத்தும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்னைக்குப் போய் நிரப்பிக்கொள்வேன். அதன் தயவில்தான் அலுவலகம் போய், மிச்ச சர்வீஸை முடித்து ஓய்வு பெற்றேன்.

போன ஐப்பசியில் டாக்டர் சொன்னார்: பேட்டரி முடியப்போகிறது, பம்பையே மாற்ற வேண்டும், மருந்து திடீரென்று நின்றால் காய்ச்சல், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. ஓய்வூதியர் காப்பீட்டில் அனுமதி கேட்டேன். கோப்பு குமரவேலுவின் மேசைக்குப் போனது. என்னிடம் வேலை கற்றவன். இணைப்புத் தாள் ஒன்று குறைந்தாலும் கோப்பைத் திருப்பு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். மூன்று முறை திருப்பினான். சக்கர நாற்காலியில் நேரில் போனேன்.

“இன்னா மேடம், மொத பம்புக்குக் குடுத்த உத்தரவு எங்க?”

“உங்க ஆபீஸ்லதான்பா இருக்குது.”

“அப்போ எங்க கிட்ட நகல் வாங்கி எங்களுக்கே குடுங்க. நீங்க கத்துக்குடுத்ததுதானே!”

சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்றும் நான் மன்னிக்கவில்லை. அன்றே தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்டு எழுதி, நாற்பத்தெட்டு நாள் காத்திருந்தேன்.

எங்கள் தெரு அம்மன் கோயிலில், வழக்குள்ளவர்கள் மனு எழுதிச் சூலத்தில் கட்டுவார்கள். நானும் எழுதினேன். பெறுநர்: அம்மன். பொருள்: குமரவேலுவை அந்த நாற்காலியிலிருந்து தூக்குதல்.

“பம்ப் வேணும்னு ஒரு வரி எழுதேன்மா,” என்றார் என் கணவர்.

“ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கைதான். விதி.”

ஒன்பதாம் நாள் அவனைக் கடலோர மாவட்டம் ஒன்றுக்கு மாற்றினார்கள். தெருவுக்கே ஜிலேபி கொடுத்தேன். மறுநாள்தான் உறைத்தது: நாற்காலி காலி. கையெழுத்துப் போட ஆளில்லை.

அடுத்த வெள்ளி, தீபாராதனை நேரத்தில் என் வயிற்றுக்குள்ளிருந்து பம்ப் பீப் பீப் என்றது.

“யார்மா அது? போனை ஆஃப் பண்ணு,” என்றார் பூசாரி.

“போன் இல்லப்பா. என் பேட்டரி.”

சொல்லும்போதே அழுதுவிட்டேன். மனுவில் போடும் பொருள் இல்லை, பார்வை எண் இல்லை. “தாயே, நான் சாகக்கூடாது” என்று மட்டும் கேட்டேன்.

திங்கட்கிழமை தொலைபேசி வந்தது. கூடுதல் பொறுப்பேற்ற பெண் அதிகாரி, ஒப்படைப்புப் பட்டியல் போடுவதற்காகக் குமரவேலுவின் இழுப்பறையைத் திறந்திருக்கிறார். “அம்மா, உங்க உத்தரவு நகல் சீல் போட்டே இருக்குது. அனுப்பாமலே வச்சிக்கினு இருந்திருக்காரு. இன்னிக்கே ஃபைல மேல அனுப்பிடறேன்.”

அவன் போகாமல் அந்த இழுப்பறை திறந்திருக்காது. அம்மன் என் பழியையே வழியாக்கினாள். அவன்மேல் ஒழுங்கு நடவடிக்கை கேட்டு எழுதியிருக்கிறேன். அதையும் அவள் பார்த்துக்கொள்வாள்.

புது பம்ப் வைத்தாயிற்று. கால்கள் அடங்கியிருக்கின்றன. வெள்ளிதோறும் கோயில் வாசலில் உட்கார்ந்து, கேட்பவர்களுக்கு மனு எழுதிக்கொடுக்கிறேன். பக்தர்களே, கோபத்தோடே வந்து கேளுங்கள். அவளுக்குக் கோபம் புதிதல்ல. முதலில் உயிரைக் கேளுங்கள், பிறகு பழியை.

அனுமதி உத்தரவு என் கைக்கு வந்தது பங்குனி இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை.