முப்பத்தேழாம் இலக்கக் குச்சி

கலகல... கலகல...

மூங்கில் குவளைக்குள் நூறு குச்சிகள் குலுங்குகிற சத்தம் அது. இன்றைக்கும் யாராவது பென்சில் டப்பாவைக் குலுக்கினால்கூட நான் திரும்பிப் பார்ப்பேன்.

இருபது வருடத்துக்கு முந்திய கதை. டென்மார்க்கிலிருந்து பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு நான் மட்டும் முதலில் லண்டனுக்கு வந்திருந்தேன். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு இரண்டரை. ஸ்ட்ரெதமில் அண்ணை வீட்டு மேல் அறை, மூன்று பேருக்கும் ஒரே கட்டில். என் கணவர், இவர், டென்மார்க்கிலேயே மீன் தொழிற்சாலை வேலையில் நின்றார். நான் வீடு பார்த்துச் சொன்னதும் வேலையை விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு.

நோர்பரியில் வாடகைக்கு ஒரு சின்ன வீடு சரிவந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. லண்டனுக்குப் போவோம் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து, இங்கே ஒன்றும் சரிவராமல் போனால்?

எனக்கு ஹோட்டல் லோண்டரியில் வேலை. பெரிய பெட்ஷீட் மடிக்க இரண்டு பேர் வேண்டும். என் எதிரில் நின்றவர் லிம் அன்ரி, பினாங்குச் சீனப் பெண்மணி. ஊரில் அவருடைய பக்கத்து வீடு தமிழர் என்பதால் "சாப்பிட்டாச்சா?" என்று மட்டும் தமிழில் கேட்பார். நாள் முழுக்க முகம் பார்த்து நின்றால் எதை மறைப்பது? வீட்டு விஷயம் என்றால் எங்கள் ஆட்கள் சாமியிடம் குச்சி குலுக்கிக் கேட்பார்கள், சனிக்கிழமை என் வீட்டுக்கு வா என்றார்.

நானோ மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறு தவறாமல் தமிழ்ப் பூசை. பங்குக் கோயிலில் யாராவது கேள்விப்பட்டால்... ஆனாலும் போனேன்.

அன்ரி ஊதுபத்தி கொளுத்தினார். குவளையைச் சாமிக்கு முன்னால் வைத்தார். பொறு, தேத்தண்ணி கொண்டுவருகிறேன், பிறகு கேட்போம் என்று குசினிக்குள் போனார்.

எனக்குப் பொறுக்க முடியவில்லை. இன்னொருவர் பார்க்க அதைக் குலுக்கவும் வெட்கமாக இருந்தது. கைப்பையில் செபமாலை கிடக்க, முழந்தாளிட்டுக் குவளையை எடுத்தேன். 'இவரை வரச் சொல்லட்டோ?' என்று மனதுக்குள் கேட்டேன்.

கலகல... கலகல...

ஒரு குச்சி மேலே ஏறி விழுந்தது. அதில் எழுதியிருந்த இலக்கம் முப்பத்தேழு. பக்கத்திலேயே ஒவ்வோர் இலக்கத்துக்கும் பதில் சொல்கிற ஒரு சின்ன ஆங்கிலப் புத்தகம். நோய், பயணம், கலியாணம்... குடும்பம்.

'குடும்பம்: கூரை மாறினால் வீடு கலங்கும். வீட்டுத் தலைவர் நின்ற இடத்தில் நிற்பது நன்று.'

குச்சியைத் திரும்பக் குவளைக்குள் செருகினேன். அன்ரி வந்தபோது, எங்கள் சமயத்தில் இது இல்லை, எனக்கு வேண்டாம் என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தேத்தண்ணியைத் தந்தார். வற்புறுத்தவே இல்லை.

அடுத்த நாள் இவர் டென்மார்க்கிலிருந்து போன் எடுத்தார்.

"வேலையை விடுற கடிதம் எழுதி வைச்சிட்டன். நாளைக்குக் குடுத்திட்டு வாற அலுவலைப் பாக்கிறன்."

"இப்ப வேண்டாமப்பா... கொஞ்சம் பொறுங்கோ."

"ஏன், அந்த வீடு சரிவரேல்லையோ?"

"ஓம்... அது சரிவராதாம்."

வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு சாட்டுச் சொன்னேன். நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு கிழமை லீவில் வந்தார். மகன் அவரோடு ஒட்டத் தொடங்கிய நேரம் லீவு முடிந்துவிட்டது. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் வாய்திறந்து சொல்லவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது. ஒருநாள் லிம் அன்ரி தன் மகளின் வீட்டு விஷயமாகக் குச்சி குலுக்கினார். நானும் பக்கத்தில் நின்றேன். குச்சி விழுந்தது. ஆனால் அன்ரி புத்தகத்தைத் தொடவில்லை. பிளந்த மாங்கொட்டை மாதிரி இரண்டு சிவப்பு மரத்துண்டுகளை எடுத்துத் தரையில் போட்டார். இரண்டும் ஒரே மாதிரிக் கவிழ்ந்து விழுந்தன. உடனே குச்சியை உள்ளே போட்டுவிட்டுத் திரும்பவும் குலுக்கத் தொடங்கினார்.

ஏன் அன்ரி, அதுதான் விழுந்துவிட்டதே என்றேன்.

"நோ லா... நாட் மைன்."

விழுந்த குச்சி நமக்குரியதுதானா என்று முதலில் சாமியிடம் கேட்க வேண்டுமாம். ஒரு துண்டு கவிழ்ந்தும் ஒன்று நிமிர்ந்தும் விழுந்தால்தான் ஓம். இல்லாவிட்டால் அதை வாசிக்கவே கூடாதாம்.

முப்பத்தேழு என்னுடையதுதானா என்று நான் கேட்கவே இல்லையே! யார் வீட்டுப் பதிலையோ தூக்கிக்கொண்டு வந்து என் குடும்பத்தை இரண்டு நாட்டில் வைத்திருந்தேன். குச்சியில் பிழை இல்லை. என் அவசரம்.

அன்று பின்னேரமே போன் எடுத்தேன்.

"வாங்கோ."

"வீடு?"

"வந்து பாப்பம். நீங்கள் முதல் வாங்கோ."

வந்தார். பெல் அடித்தார். ஓடிப்போய்க் கதவைத் திறந்த மகன் உள்ளே திரும்பிக் கத்தினான்.

"அம்மா, ஆரோ வந்திருக்கினம்!"

இவர் சிரித்தார். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

அடுத்த நாளே சாவி வெட்டிக் கொடுத்தோம். ஆனால் பெல் அடிக்கிற பழக்கம் இன்றுவரை போகவில்லை. பெல் அடித்தால் பார்சல், இல்லாவிட்டால் அப்பா என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். எனக்கு மட்டும் அந்தப் பகிடிக்குச் சிரிப்பு வராது.

இப்போது குவளையும் இல்லை, ஊதுபத்தியும் இல்லை. எல்லாம் போனுக்குள். போன ஞாயிறு மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். மருமகனுக்குக் கிளாஸ்கோவில் வேலை கிடைத்திருக்கிறது. போனை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"அம்மா, லுக், ஸ்டே எண்டு வருது. அவர் மட்டும் முதல் போகட்டும், என்ன?"

"போ பிள்ளை! மூண்டுபேரும் ஒண்டாப் போங்கோ!"

நான் கத்தியதில் குழந்தை அழத் தொடங்கிவிட்டது.

"அம்மா, ரிலாக்ஸ்! இது சும்மா ஆப்."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அப்பாக்குத் தெரியுமோ?"

தெரியாது. இருபது வருடமாகத் தெரியாது. அந்த நோர்பரி வீடு கைமாறிப் போனது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் எழுதுகிற இந்த இணையப் பக்கமெல்லாம் இவர் பார்ப்பதில்லை. ஆனால் இவருடைய தங்கை பார்ப்பா, பார்த்த கையோடு அண்ணனுக்குப் போனும் எடுப்பா. இதைப் போட்டுவிட்டால் பிறகு எனக்குச் சொல்லாமல் தப்ப வழியில்லை. அதற்காகத்தான் காலையிலிருந்து இருந்து எழுதினேன். இந்த முறை ஒரு குச்சியிடமும் கேட்கவில்லை.

கடைக்குப் போனவர் வருகிற நேரம். அவர் சட்டைப்பையில் சாவி இருக்கிறது...

பெல் அடிக்கிறது.