நாவல் இலையில் ஓட்டை

எங்கள் வாசலில் நிற்கும் நாவல் மரத்து இலைகளில் ஓட்டை விழுந்திருப்பதை என் மனைவிதான் முதலில் பார்த்தாள். சாதாரணப் புழு கடித்தால் இலை கந்தலாகிவிடும். இது கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் நீள்வட்டமாக, சுத்தமாக இருந்தது.

அப்போது அவள் ஜன்னலோரக் கட்டிலோடு சரி. இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அதன் அர்த்தம் அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேச வேறொன்றும் இல்லாததால், விலங்கியல் நடத்திப் பழகிய வாய் அந்தப் பூச்சியைப் பிடித்துக்கொண்டது.

நொய்யரிசி அளவு அந்துப்பூச்சி. துளிரில் முட்டையிடும். புழு இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில் இருந்துகொண்டு பச்சையைத் தின்னும். வளர்ந்ததும் இரண்டு தோலையும் சேர்த்து நறுக்கி, ஓரத்தைத் தன் நூலாலேயே தைத்து, அந்தப் பைக்குள் இருந்தபடி தரைக்கு இறங்கும். எங்காவது ஒட்டிக்கொண்டு, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, இறக்கையோடு வெளியே வரும். தொட்டியத்து ஆற்றோரத்திலும், உப்பிலியபுரம் தாண்டி மலையடிவாரத்திலும் இதே ஓட்டைகளைப் பிற்பாடு பார்த்தேன். ஆனாலும் எங்கள் பக்கத்தில் யாரும் இதற்குப் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. தொல்லை கொடுத்தால்தானே நாம் பெயர் வைப்போம்.

"அது வெளிய வர்றத நான் பாக்கணும்" என்றாள். சாப்பாட்டில்கூட இது வேண்டும் என்று கேட்பதை அவள் விட்டு வெகுநாளாகியிருந்தது.

பாட்டிலில் போட்டுத் துணி கட்டித் தருகிறேன் என்றேன்.

"வேணாங்க. நானே இங்க அடைஞ்சு கிடக்கேன், அதை வேற அடைக்கணுமா?"

பைகள் ஜன்னலுக்கு நேர் கீழே, வாசற்படியில் ஒட்டியிருந்தன. வாசலைப் பெருக்கக்கூடாது, தண்ணீர் தெளிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டாள். விடிவதற்குள் கோலம் போட்டாக வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் என்னைத் தூங்கவிடாதவள் அவள். தினமும் அவளைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன், எட்டிப் பார்ப்பாள். இன்னும் வரவில்லை என்று திரும்பப் படுத்துக்கொள்வாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நோயாளி இருக்கிற வீட்டில் பெருக்காத, கோலமில்லாத வாசலுக்கு எங்கள் தெருவில் ஒரே அர்த்தம்தான். மகள் வீட்டுக்குப் போயிருந்த எதிர்வீட்டு அம்மா ஒருநாள் காலையில் ஊர் திரும்பினார். வாசலைப் பார்த்ததும் பையைக்கூட இறக்காமல் நேரே உள்ளே வந்து அழத் தொடங்கினார்.

"எப்ப ஆச்சு சார்? ஒரு போன் பண்ணக்கூடாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அறையிலிருந்து பதில் வந்தது.

"இன்னும் ஆகலக்கா. உள்ள வாங்க."

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். என் மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டார். அவரைத் தேற்றி அனுப்பியது படுத்திருந்தவள்தான்.

பிறகு நான் அவளைப் பின்கட்டுக்குத் தூக்கிப்போய்க் குளிப்பாட்டினேன். திரும்பி வந்து பார்த்தால் வாசல் பளபளவென்று இருந்தது. எதிர்வீட்டு அம்மா மனசு கேட்காமல் வந்து, பெருக்கி, படியைத் தேய்த்துக் கழுவி, செம்மண் பூசிப் பெரிய கோலமாகப் போட்டிருந்தார். குப்பை கார்ப்பரேஷன் வண்டியில் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கோலத்தைக் காலாலேயே அழித்திருப்பேன்.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் படியையே பார்த்தாள்.

"மறுபடி எப்பங்க வரும்?"

"துளிர் விட்டா வந்துரும்."

"துளிர் எப்ப விடும்?"

அப்போது ஆனி மாதம். தை போய்த்தான் எங்கள் மரம் துளிர்க்கும்.

"சீக்கிரம் விட்டுரும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. கட்டிலை ஜன்னலை விட்டு உள்சுவர்ப் பக்கமாக நகர்த்திப் போடச் சொன்னாள். போட்டேன்.