அத்தான் வீட்டு மழை

ஒரு பக்கம் கண்ணாடி வைத்த அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி, விளாத்திகுளம் பக்கத்தில் அக்கா வீட்டு உள்ளறையில், உர மூட்டைகளுக்கு நடுவே, கோயில் கொடைக்கு ஜோடித்த பந்தல் போலச் சிவப்பும் நீலமுமாக மின்னிக்கொண்டிருந்தது. அக்காவின் கணவர், எங்கள் அத்தான், கோவில்பட்டியில் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக் கொண்டுவந்தது. விளையாடுவதற்கு என்றுதான் சொன்னார். அவர் விளையாடி நான் பார்த்ததில்லை. திரையில் ஏதோ ராஜ்யத்தை மீட்கப் புறப்பட்ட குதிரைவீரன் ஒருவன் வருஷக்கணக்காக முதல் தெருவிலேயே நின்றான். அத்தான் அவனை ஒவ்வொரு மழைக்குட்டை ஓரமாக நிறுத்தி, தண்ணீரில் தெருவிளக்கு தெரிகிறதா என்று சோதிப்பார். இந்த வகை விளையாட்டுகள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. குதிரையின் வால்மயிர் தனித்தனியாக ஆடுகிறதாம். அதற்காகப் பெட்டிக்குள் விசிறி கிணற்று மோட்டார் மாதிரி அலற வேண்டுமாம். வேலையெல்லாம் எந்திரத்துக்கு, மனிதனுக்கு வாயைப் பிளப்பது ஒன்றுதான். நாலு புத்தகம் படித்தவன் என்ற கர்வத்தில் இப்படியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே நானும் பிளந்துகொண்டுதான் இருந்தேன்.

ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. களத்தில் மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. மானாவாரி நிலம், வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை. அந்த வீட்டின் வருஷமே அங்கே சிவப்பாகக் கிடந்தது. அதை விற்றுத்தான் ஆவணியில் அக்கா மகள் கல்யாணம். பசுவந்தனையில் ஒரு விசேஷ வீட்டுக்குக் கிளம்பிய அக்கா, "மேகம் கூடுச்சுன்னா தார்ப்பாயை இழுத்து மூடுங்க. ஆம்பளைக ரெண்டு பேரு இருக்கீங்க," என்று எங்களை நம்பிப் போனாள்.

அத்தான் ஜன்னலை அடைத்தார். வெளிச்சம் விழுந்தால் நிழல் எடுபடாதாம். அறையின் நாலு மூலையிலும் ஸ்பீக்கர். திரையில் மழை கொட்டியது.

"அத்தான், பின்னால உள்ள ஸ்பீக்கர்தான் பிரமாதம். நம்ம களத்துலயே பெய்யுத மாதிரி இருக்கு," என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "இது என்ன மாப்ள, ஒரு சொட்டை அந்தரத்துல நிப்பாட்டிக் காட்டுதேன் பாரு."

பட்டனைத் தட்டினார். திரையில் மழை நின்றது. குதிரை நின்றது. முன்பக்கத்துச் சத்தமும் நின்றது. பின்பக்கம் மட்டும் பெய்துகொண்டே இருந்தது.

"இந்த ஸ்பீக்கரு நிக்க மாட்டேங்குதே," என்று அத்தான் எழுந்துபோய் அதன் வயரைப் பிடுங்கினார். அப்போதும் பெய்தது.

நாங்கள் கதவைத் திறந்துகொண்டு ஓடியபோது வத்தல் மிதந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த அக்கா, நனைந்த குவியலை ஒரு கை அள்ளிப் பார்த்தாள். "உள்ள பெஞ்ச மழை நல்லாருந்துச்சாலே?" என்று என்னைத்தான் கேட்டாள்.

வெளுத்துப்போன வத்தலை வியாபாரி சண்டு என்று ஒதுக்கினார். கல்யாணம் தை மாதத்துக்குத் தள்ளிப்போனது. அதுவும் கடன் வாங்கித்தான். விலைபோகாத வத்தலில் எனக்கும் ஒரு மூட்டை வந்தது. அந்த வருஷம் முழுக்க இரண்டு வீட்டுக் குழம்புக்கும் சோகை.

போன வாரம் அத்தான் போன் செய்தார். "கம்ப்யூட்டர்ல புது கார்டு போட்டிருக்கேன் மாப்ள. இதுல பனி பெய்யுது. குதிரை மூச்சு விட்டா புகை வருது. வாரியா?"

கரிசல் காட்டு வெயிலில் உட்கார்ந்து பனி பார்க்க ஒருவர் கூப்பிடுகிறார். வாரேன் என்று சொல்லவும் ஒருவன் இருக்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனை வாங்கிவிட்டாள்.

"வாலே, வா. வத்தல் காயுது. களத்துல உனக்குக் கட்டில் போட்டு வச்சிருக்கேன்."