நாற்காலியோடு ஒரு கிறிஸ்மஸ் படம்

இருதயமேரிக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. சோறு வெந்ததா என்று பார்க்கப் போனவள், கப்பல் தபால் வந்ததா என்று வாசலில் நிற்பாள். புருஷன் அல்போன்ஸ் சைகோனுக்குச் சுங்க உத்தியோகத்துக்குப் போய் நாலு வருஷம். அவன் போன பிறகு பிறந்தவள் ரோசா. மாதம் ஒரு கடுதாசி வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. அங்கே அவனுக்கு இன்னொரு குடும்பம் என்று பூசைக்குப் போகிற சம்பா கோயில் பக்கமெல்லாம் பேச்சு. இவள் நம்பவில்லை. மகள் முகத்தைப் பார்த்தால் அடுத்த கப்பலிலேயே ஏறிவிடுவான் என்று பிடிவாதமாக இருந்தாள்.

1934 கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், அவன் உட்காரும் நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு கண்ணையன் ஸ்டூடியோவுக்குப் போனாள்.

"என்னம்மா, வூடு மாத்தறியா?" என்று சிரித்தார் கண்ணையன். "எங்கிட்ட நாக்காலி இல்லியா?"

"உங்க நாக்காலி அவருக்குத் தெரியுமாண்ணே? இது பக்கத்துல நிக்க வெச்சாத்தான் புள்ள எவ்ளோ வளந்திருக்குன்னு அவருக்குப் புரியும்."

அட, அந்தப் பிள்ளை ஒரு நிமிஷம் நின்றால்தானே! அப்படியே தாயைக் கொண்டிருந்தது. நாலாவது தடவையில்தான் படம் விழுந்தது.

தெருவே கேலி செய்தது. ஆனால் சைகோனில் ஆள் இல்லாத வீடு அந்தத் தெருவில் ஏது? மறுவருஷம் எதிர்வீட்டு சூசைமேரி ஸ்டூலும் பிள்ளைகளுமாகக் கிளம்பினாள். அதற்கடுத்த வருஷம் ஸ்டூடியோ வாசலில் பெஞ்சும் பிரம்பு நாற்காலியும் வரிசை கட்டின. கிறிஸ்மஸ் என்றால் புதுச்சட்டை, பலகாரம், நாற்காலிப் படம் என்றே ஆகிப்போனது.

இருதயமேரி அனுப்பிய மூன்றாவது படம் போன பிறகுதான் அல்போன்ஸிடமிருந்து பதில் வந்தது. பாவி மனுஷன், நாலே வரி எழுதியிருந்தான்.

"படம் கிடைத்தது. குழந்தை நன்றாக வளர்ந்திருக்கிறாள். இனி அனுப்ப வேண்டாம். வீட்டில் கோபித்துக்கொள்கிறார்கள்."

வீட்டில். அந்த ஒரு சொல்லையே வெறித்துக்கொண்டிருந்தாள். ஊரில் இருந்தவரை, யார் எதைக் கேட்டாலும் 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்பான். அந்த 'வீட்டில்' இவள்தான். அழுதாள், எழுந்து நடந்தாள், மறுபடி எடுத்து வாசித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷக் கிறிஸ்மஸுக்கும் வரிசையில் வந்து நின்றாள். ரோசாவின் தலை நாற்காலி முதுகைத் தாண்டியிருந்தது.

"சைகோனுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு, அதானேம்மா?" என்றார் கண்ணையன்.

"சைகோனுக்கு வேணாம்ணே," என்றாள் இருதயமேரி. "ஒண்ணு போதும். எங்க வூட்ல மாட்டணும்."