ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்தினேன்

1. சிவப்பு ரிப்பன்

2005-இல் மரக்காணம் உப்பளத்தில் எங்கள் வேலையைப் பார்க்க ஒரு வெளிநாட்டு டாக்டரம்மா வருகிறார் என்றதும், எங்கள் ஆபீஸில் முதலில் ஜீப்பைத்தான் கழுவினார்கள். கதவில் பெரிதாகச் சிவப்பு ரிப்பன் படம். எய்ட்ஸ் வண்டி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் அப்போது எச்.ஐ.வி. திட்டத்தில் ஃபீல்ட் ஒர்க்கர். உலகம் முழுக்க நோய் பரவியிருந்த காலம். இத்தனை பேருக்கு மருந்து சேர வேண்டும் என்று உலக நாடுகள் டார்கெட் வைத்திருந்தன. எங்கள் சம்பளமும் அந்தப் பணத்தில்தான். அரசு ஆஸ்பத்திரியில் நோயைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை இலவசமாக வரத் தொடங்கிய புதிது.

"ஒரு பேஷன்டையாவது காட்டணும் மேடம். இல்லன்னா ஃபண்ட் நின்னுடும்" என்றார் மேனேஜர்.

"காட்டறதுக்கு இது என்ன பொருட்காட்சியா சார்?"

"என்கிட்ட ஏங்க கோவப்படறீங்க? மேல கேக்கறாங்க."

பாவம், அவரும் என்ன செய்வார்.

2. பஸ் ஹாரன்

உப்பளத்தில் என் பேஷன்ட் ஒருத்திதான். செல்வி என்று வைத்துக்கொள்வோம். புருஷன் இதே நோயில் போய்விட்டான். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள்.

காலை ஏழு, மாலை ஏழு என்று நேரம் தவறாமல் மாத்திரை போட வேண்டும். மாலையில் வீட்டில் இருப்பாள். காலை ஏழுக்கோ பாத்தியில் உப்பு வாரும் வேலை மும்முரமாக இருக்கும். கையில் வாட்ச் கிடையாது. அந்நேரம் பாண்டி பஸ் வளைவில் ஹாரன் அடிக்கும். அதுதான் அவளுக்குக் கணக்கு. கூட இருந்தவர்களிடம் சத்து மாத்திரை என்று சொல்லியிருந்தாள்.

உப்பளத்தில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. வரப்பில் ஒரு குடம், ஒரே சொம்பு. அவசரத்தில் யாரும் அண்ணாந்து குடிப்பதில்லை, வாய் வைத்துத்தான் குடிப்பார்கள்.

"அந்தச் சொம்ப எனக்குக் குடுக்க மாட்டாங்கன்னு ஆயிடுச்சின்னா, அப்புறம் மாத்திரை எதுக்குக்கா? நிறுத்திட்டு எங்கனா போயிடுவேன்" என்பாள். சொன்னால் செய்கிறவள். எனக்கு அந்தப் பயம்தான்.

3. அஞ்சலை

டாக்டரம்மா வந்த அன்று ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்தினேன். உப்பளத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் மாதிரி வரப்பில் நடந்தோம். மேனேஜரின் ஒரு ஷூவைச் சேறு வாங்கிக்கொண்டது.

என் வாட்சில் ஏழு ஆனது. ஹாரன் வரவில்லை. அன்றைக்குப் பார்த்து பஸ் லேட். செல்வி குனிந்த தலை நிமிராமல் வாரிக்கொண்டிருந்தாள். விருந்தாளியை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கூப்பிடுவது?

செல்வி வேலை செய்யும் செட்டுக்கு மேஸ்திரி அஞ்சலை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏ செல்வி, பஸ்ஸு இன்னிக்கு லேட்டு. வெயிலு எங்க ஏறிடிச்சி பாரு. வா, தண்ணி குடி."

செல்வி திரும்பி நின்று மாத்திரையை விழுங்கினாள். அஞ்சலை சொம்பை வாங்கி, மீதியைத் தானே வாய் வைத்துக் குடித்தாள். பிறகு குடத்தில் மொண்டு அடுத்தவளிடம் நீட்டினாள்.

அஞ்சலை குடத்தை நகர்த்துகிற சாக்கில் என் பக்கம் வந்தாள்.

"எந் தம்பி இந்த நோவுலதாங்க போனான். அப்ப இந்த மாத்திரை இங்க வரலை. செல்வி விஷயம் எங்க எல்லாருக்கும் தெரியும்ங்க. தெரியும்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. வெக்கப்பட்டு வேலைக்கு வராம நின்னுடுவா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புக்காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

திரும்பும்போது பேஷன்ட் யார் என்று டாக்டரம்மா கேட்டார். "நல்லா இருக்காங்க, வேலை செய்யறாங்க. அதுக்கு மேல காட்ட முடியாது" என்றேன். மேனேஜர் அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். அந்தம்மா புரிந்துகொண்டு தலையாட்டினார். ஃபண்ட் நிற்கவில்லை.

4. செல்வி சொன்னது

அடுத்த முறை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, பஸ்ஸில் என் தோளில் சாய்ந்திருந்த செல்வி மெல்லச் சொன்னாள்.

"அக்கா, அஞ்சலை அக்காவுக்கு என் விஷயம் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. தெனம் எல்லாரும் பாக்க என் மீதித் தண்ணிய மட்டும்தான் குடிக்குது. எனக்குத் தெரிஞ்சிபோச்சின்னு அதுகிட்ட சொல்லிடாதக்கா. பாவம், எனக்காக எவ்ளோ கஷ்டப்பட்டு மறைக்குது."

இரண்டு பேரிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். நீங்கள் போவதற்கு முன்பே அங்கே யாரோ உங்கள் பேஷன்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைக் கெடுத்துவிடாதீர்கள்.